எழுத்துரு இல்லாமல் நடிக்கப் படிப்பது: மலையகப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

இலங்கையில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் என் தொலைபேசி ஓயாது. அட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, பதுளைப் பக்கமிருந்தெல்லாம் பேசுவார்கள். நாடகமும் அரங்கியலும் பாடமாக எடுத்த பிள்ளைகள், அவர்களுடைய அம்மா அப்பா, சில வேளை வகுப்பாசிரியர்கள். நான் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். மலையகத்துக்கு வெளியே நான்கு வருடம் நாடகம் படித்துவிட்டு, இப்போது இங்கேயே ஒரு பாடசாலையில் அதே பாடத்தைக் கற்பிக்கிறேன். பேசுகிறவர்களில் பாதிப்பேருக்குப் பல்கலைக்கழகத்தின் உடனடி நடிப்பு வகுப்பைப் பற்றித்தான் சந்தேகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உடனடி நடிப்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

முன்கூட்டி எழுதிய வசனம், அதாவது எழுத்துரு, கையில் இல்லை. ஒரு சூழ்நிலை மட்டும் இருக்கிறது. எதிரே நிற்பவர் சொல்வதையும் செய்வதையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே காட்சியைக் கட்ட வேண்டும். வகுப்பில் ‘இம்ப்ரோ’ என்றே பேசிக்கொள்வோம். கர்நாடக இசை படித்தவர்களுக்கு மனோதர்மம் என்றால் உடனே விளங்கிவிடும். கீர்த்தனை முன்பே ஆக்கப்பட்டது. நிரவலும் கற்பனாசுரமும் அன்றைக்கு மேடையில் பிறப்பவை. ஆனால் ராகத்தையும் தாளத்தையும் தாண்டி அவை போவதில்லை. நாடகத்தில் அந்த வேலியை மூன்று கேள்விகள் போடுகின்றன: யார், எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறார்கள். இந்த மூன்றும் தெளிவில்லாமல் தொடங்கிய காட்சி இரண்டு நிமிடத்தில் வெறும் வாய்ச்சண்டையாகிவிடும்.

“மனசுக்கு வந்தத பேசுறதுக்கு நாலு வருசப் படிப்பா மிஸ்?”

ஒரு அம்மா கேட்டது. நியாயமான கேள்வி. நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் முதல் வகுப்புக்குப் போனேன்.

விரிவுரையாளர் என்னையும் மட்டக்களப்புப் பையன் ஒருவனையும் நடுவில் நிறுத்தி, “பஸ் தரிப்பிடம், மழை” என்று மட்டும் சொன்னார். எழுந்து போகும் நான்கு அடிக்குள் நான் ஒரு கதையைத் தயாரித்துவிட்டேன். பிள்ளையைத் தொலைத்த தாய். அழுதால் எல்லோரும் அசந்துபோவார்கள் என்று நம்பினேன். அவன் வந்து, “அக்கா, குடையத் தாங்க, கம்பி முறிஞ்சி கிடக்கு, கட்டித்தாறன்” என்றான். நான், “எங்கிட்ட குடை இல்ல, எம் புள்ளயக் காணோம்” என்று கத்தினேன். அவன் கை நீட்டியபடியே நின்றான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் போக வழியில்லை.

விரிவுரையாளர் நடிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “அவர் உங்களுக்கு என்ன தந்தார்?” என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒரு குடை தந்தான், அதில் முறிந்த கம்பி தந்தான், பழுது பார்க்கத் தெரிந்த ஒரு மனிதனைத் தந்தான். மூன்றையும் நான் தூக்கி எறிந்துவிட்டேன். பிள்ளையைத் தேடும் தாயின் கையில் முறிந்த குடை இருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் குடை பிள்ளையுடையதாகக்கூட இருந்திருக்கலாம்.

அந்தக் குடையை வாங்கிக்கொள்ளப் பழக எனக்கு ஒரு வருடம் போனது. நான்கு வருடப் படிப்பில் பெரும்பங்கு காது கொடுப்பதற்கான பயிற்சிதான். மனதுக்கு வந்ததைப் பேசுவது எல்லோராலும் முடியும். எதிரே இருப்பவர் தந்ததை முழுதாக வாங்கி, அதன்மேல் ஒன்றை வைத்துத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். மூன்று நிமிடத்துக்கு முன் சொன்ன பெயரை மறக்காமல் இருப்பது, இல்லாத கதவை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் திறப்பது, காட்சி முடிந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது எல்லாம் அதற்குப் பிறகு வருகின்றன.

எங்கள் தோட்டத்தில் நான் காமன் கூத்து ஆடுகிறேன். அது அங்கே ஏதாவது உதவுமா?

நிறைய. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் இதை விண்ணப்பத்தில் எழுதவே கூச்சப்படுகிறார்கள். “அது சாமி கும்பிடுறது மிஸ், நாடகம் இல்லயே” என்கிறார்கள்.

மாசி மாதத்தில் காமன் நட்டு, மன்மதனும் ரதியுமாக வேடம் கட்டி, தப்பு முழங்க ஆடுவது, சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிவது, ரதி புலம்புவது என்ற கதை எல்லோருக்கும் தெரிந்தது. பாட்டும் ஆட்டமும் மாஸ்டர் சொல்லித்தந்தபடி நிற்கும். அதை யாரும் தன் இஷ்டத்துக்கு மாற்ற மாட்டார்கள். ஆனால் குறவனும் குறத்தியும் வரும்போது கவனித்துப் பாருங்கள். தூதன் ஓலை கொண்டு ஓடிவரும்போது பாருங்கள். அவர்கள் பேசுவதில் எவ்வளவு போன வருடம் இருந்தது, எவ்வளவு இந்த வருடம் புதிது? முன் வரிசையில் இருக்கும் மாமாவைப் பெயர் சொல்லி இழுப்பார்கள், சம்பளப் பேச்சுவார்த்தையை இழுப்பார்கள், தண்ணீர் வராத பீலியை இழுப்பார்கள். சனம் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் அதையும் பிடித்துக்கொள்வார்கள். தப்பு அடிக்கிறவர் ஆட்டக்காரனின் காலைப் பார்த்து அடியை நீட்டுவார், குறைப்பார். இது எல்லாமே பல்கலைக்கழகத்தில் பாடம்.

தஞ்சைப் பக்கத்து லாவணியில் இதே காமன் கதையை வைத்து எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று பாட்டாலேயே வாதாடுவார்கள். எதிர்க்கட்சி எந்தக் கேள்வியை வீசும் என்று தெரியாது. பதிலை அந்தச் சந்தத்திலேயே கட்டித் திருப்ப வேண்டும்.

இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் வளர்ந்த கொமெடியா தெல்லார்த்தே என்ற அரங்கைப் பற்றி முதல் வருடத்திலேயே படிப்பீர்கள். வசனம் எழுதப்படாது. காட்சிகளின் வரிசை மட்டும் ஒரு தாளில் இருக்கும். கஞ்சக் கிழவன், தந்திரக்கார வேலைக்காரன், வீரம் பேசும் கோழைப் படைவீரன் என்று நிலையான பாத்திரங்கள் முகமூடியோடு வருவார்கள். ஒரு நடிகர் ஒரே பாத்திரத்தை வாழ்நாள் முழுக்க ஆடுவதும் உண்டு. அதைப் படித்தபோது எனக்குப் பொன்னர் சங்கர் கூத்து விடிய விடிய நடக்கும் இரவுகளும் அதில் வரும் பபூன் என்ற கோமாளியும்தான் நினைவுக்கு வந்தார்கள். கண்டிப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் களத்துமேட்டில் ஆடும் சொக்கரியிலும் ஊமைக்கூத்தும் அந்த நேரத்துப் பேச்சும் கலந்துதான் வரும். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கும் இரண்டு சனத்துக்கும் இந்தப் பழக்கம் இருப்பதை ஒரு மாணவி ஒப்பிட்டு ஆராய்ந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கூத்து ஆடத் தெரிந்தவர்களுக்கு அடவும் குரலும் உடம்பில் ஊறியிருக்கும். வகுப்பில் திகைத்துப்போகும் கணத்தில் அந்தப் பழைய அடவுக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள். எனக்குத் தெரிந்த நல்ல கூத்துக்காரத் தம்பி ஒருவன் ஒரு மருத்துவமனைக் காட்சியில்கூட வீரபத்திரன் நடை நடந்தான். அதை விட்டு வெளியே வர அவனுக்கு ஆறு மாதம் ஆனது. வந்த பிறகு அவனைப் போல் மேடையில் நிற்கத் தெரிந்தவர் எங்கள் தொகுதியில் யாரும் இல்லை.

எங்கே படிக்கலாம்? தமிழில் படிக்க முடியுமா?

முடியும். மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் துறையே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பாடம் நீண்டகாலமாக இருக்கிறது. உடனடி நடிப்பு தனிப் பட்டமாக இராது. நடிப்பு, அரங்க விளையாட்டு, நெறியாள்கை, சிறுவர் அரங்கு, சமுதாய அரங்கு என்று பல அலகுகளுக்குள் கலந்து வரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலைப் பாருங்கள். எந்தக் கற்கைநெறிக்குத் திறமையை நேரில் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சை உண்டு, உயர்தரத்தில் எந்தப் பாடம் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அயல்வீட்டு அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன் சொன்னதை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

பேராதனையைப் பற்றியும் கேட்கிறார்கள். நம் மலைநாட்டிலேயே இருக்கும் அந்த வளாகத்தில்தான் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். அப்போது மாணவராக இராவணன் வேடம் கட்டி ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் இந்தத் துறையின் பேராசிரியரானார். பேராதனையில் இன்று என்ன பாடம் எந்த மொழிமூலத்தில் கிடைக்கிறது என்பதையும் அதே கைந்நூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு?

அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து மகாபொலப் புலமைப்பரிசிலோ பர்சரி உதவித்தொகையோ கிடைக்கலாம். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு இந்த மூன்றும்தான் கை கடிக்கும். பதுளையிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸிலேயே இறங்கிவிடலாம். அட்டன் பிள்ளை யாழ்ப்பாணம் போய்ச் சேர ஒரு நாள் போய்விடும்.

உளச்சார்புப் பரீட்சைக்கு எப்படித் தயாராவது?

நீளமான வசனம் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு போவதோடு நிறுத்திவிடாதீர்கள். பாதியில் நிறுத்தி, “இதையே தூக்கம் வராத கிழவியாகச் செய்யுங்கள்” என்றால் தடுமாறாமல் செய்ய வேண்டும். என் மாணவர்களுக்கு நான் ஒரே ஒரு பொருளைக் கொடுத்துப் பழக்குகிறேன். ஒரு கொழுந்துக் கூடை, ஒரு நாற்காலி, ஒரு துண்டு படங்கு. அதை ஐந்து விதமாகப் பயன்படுத்திக் காட்டச் சொல்வேன். முதல் மூன்று எல்லோருக்கும் வரும். நான்காவதுக்கு முன் ஒரு மௌனம் வரும், பாருங்கள், அங்கே பயப்படாமல் நிற்கத் தெரிந்தால் போதும். பார்த்த நாடகங்களைப் பற்றிக் கேட்டால் பார்த்ததைச் சொல்லுங்கள். மேடை நாடகம் எதுவும் பார்த்ததில்லை என்றால் காமன் கூத்தைச் சொல்லுங்கள், தேர்த்திருவிழாவைச் சொல்லுங்கள். தயவுசெய்து சினிமாவை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

படிப்பில் யார் யாருடைய முறைகள் வரும்?

பெயர்ப் பட்டியல் நீளம். எனக்கு வாழ்க்கையில் உதவிய மூவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வயோலா ஸ்போலின் (1906–1994) அமெரிக்காவின் சிக்காகோவில் வேலை செய்தவர். நேவா பாய்ட் என்ற ஆசிரியையிடம் குழு விளையாட்டுகளைக் கற்றுக்கொண்டு, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தரப் போனார். வேறு வேறு மொழியும் பண்பாடும் கொண்ட பிள்ளைகள். விரிவுரை செய்து பலனில்லை. அதனால் நடிப்பின் ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். அவற்றை 1963இல் புத்தகமாக வெளியிட்டார். ‘நன்றாக நடி’ என்று அவர் சொல்வதில்லை. ‘இந்தக் கண்ணுக்குத் தெரியாத கயிற்றை மட்டும் பார்’ என்பார். கயிற்றில் கவனம் போனதும் கூச்சம் போய்விடும். கோவணம் கட்டிய காலத்திலிருந்து நம் பிள்ளைகள் விளையாடும் கண்ணாமூச்சியும் கிளித்தட்டும் வகுப்பறைக்குள் வந்தது போல இருக்கும் அந்த முறை.

கீத் ஜோன்ஸ்டன் (1933–2023) இங்கிலாந்துக்காரர். லண்டனில் ரோயல் கோர்ட் அரங்கில் தொடங்கி, பிறகு கனடாவில் கல்கரி பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். கெட்டிக்காரத்தனமாக எதையும் சொல்லப் பார்க்காதே, கண்ணுக்கு முன் தெரிவதைச் சொல் என்பது அவருடைய போதனை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ‘அந்தஸ்து’ என்ற பயிற்சி. இரண்டு பேர் சந்தித்தால் ஒருவர் கொஞ்சம் உயர்வார், மற்றவர் கொஞ்சம் தாழ்வார். கண்ணை எவ்வளவு நேரம் பார்க்கிறோம், தலையை அசைக்கிறோமா, எவ்வளவு இடத்தை அடைத்து நிற்கிறோம் என்பதிலேயே அது தெரிந்துவிடும். இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சின்ன வயதில், காலையில் வேலைக்குப் பேர் எடுக்கும் பிரட்டுக் களத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்ததெல்லாம் அதுதானே! வேலை வாங்கும் கங்காணி, தனக்கு மேலே இருக்கும் கணக்கப்பிள்ளைக்கு முன்னால் சுருங்குவார். அதே கங்காணி அடுத்த நிமிடம் கொழுந்துக்காரப் பெண்களின் பக்கம் திரும்பும்போது நெஞ்சு விரியும். “இன்னைக்கு எந்த மலை?” என்ற ஒரே கேள்வியை ஆறு பேரைக் கொண்டு ஆறு அந்தஸ்தில் கேட்க வைத்துப் பாருங்கள். தோட்டத்தின் வரலாறு முழுக்க வகுப்பறைக்குள் வந்து நிற்கும்.

மூன்றாமவர் பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் (1931–2009). அவரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

போவாலின் விவாத அரங்கு மலையகத்துக்குப் பொருந்துமா?

அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் உடனடி நடிப்பில் பழக்கமில்லாத நடிகர்களை வைத்துக்கொண்டு செய்யவே கூடாது.

முறை இதுதான். ஓர் அநியாயத்தைக் காட்டும் குறுநாடகத்தை முதலில் முழுதாக நடிக்க வேண்டும். அது நல்லபடியாக முடியாது. பிறகு அதையே திரும்பத் தொடங்குவார்கள். இந்த முறை பார்த்துக்கொண்டிருப்பவர் யாராவது “நிறுத்துங்க” என்று சொல்லி மேலே வந்து, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு விதமாக நடந்துகொள்ளலாம். பார்ப்பவரே ஆடுபவராகிறார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று நடத்துபவரை ஜோக்கர் என்பார்கள். போவால் இராணுவ ஆட்சிக் காலத்தில் 1971இல் கைது செய்யப்பட்டு, பின் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தவர். இலத்தீன் அமெரிக்க நாடுகளில் வாழ்ந்த அந்த வருடங்களில்தான் இந்த அரங்கு உருவானது.

மூன்றாம் வருட விடுமுறையில் நாங்கள் ஏழு பேர் ஒரு தோட்டத்துக் கோவில் முற்றத்தில் இதைச் செய்தோம். காட்சி: கொழுந்து நிறுக்கும் மடுவம். மழைநாள், இலை ஈரம் என்று சொல்லி நிறையில் கிலோ கழிக்கிறார்கள். எங்கள் நாடகத்தில் கொழுந்து எடுத்த ஒரு பெண் சண்டை போடுவாள், அரைப் பேருடன், அதாவது அரைநாள் சம்பளத்துடன், வீட்டுக்குப் போவாள். திரும்ப நடித்தபோது முதலில் ஒரு இளைஞன் வந்து இன்னும் சத்தமாகச் சண்டை போட்டான். அதனால் எதுவும் மாறவில்லை. அதன் பிறகு ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா மெதுவாக எழுந்து வந்து, கணக்கப்பிள்ளையாக நடித்த என் நண்பனிடம், “ஐயா, வெறும் சாக்க மொதல்ல நிறுங்க. நனஞ்ச சாக்கு எவ்வளவுன்னு எல்லாரும் பாக்கட்டும். அப்பறம் கொழுந்த நிறுங்க” என்றார்.

எழுத்துருவில் அது இல்லை. என் நண்பன் அங்கே வெறும் வில்லனாக நின்றிருந்தால் அந்த அம்மாவை அவமானப்படுத்தியிருப்பான். உடனே இணங்கியிருந்தால் பொய்யாகியிருக்கும். அவன் தராசைப் பார்த்தான், பின்னால் திரும்பி அலுவலகப் பக்கம் பார்த்தான், “எல்லாருக்கும் இப்புடி நிறுத்தா இருட்டிப்போகும்” என்றான். “இருட்டினா லைட்டு போடுங்க” என்றார் அம்மா. முற்றமே எழுந்து நின்றது. அதற்குப் பிறகு வரிசையாக ஐந்து பேர் மேலே வந்தார்கள்.

அந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகத்தான் அவன் மூன்று வருடம் படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

சிரிக்க வைத்தால் நல்ல புள்ளி கிடைக்குமா?

இல்லை. காட்சியைக் காப்பாற்ற முடியாதவர்கள்தான் பெரும்பாலும் பகிடிக்கு ஓடுவார்கள். நான் படித்தபோது எதிரே இருப்பவரைக் கவனித்தாயா, சூழலை நிலைநிறுத்தினாயா, உடலும் குரலும் பாத்திரத்துக்கு உழைத்தனவா என்று பார்த்தார்கள். கூடவே ஒவ்வொரு வகுப்புக்கும் பிறகு எழுதும் குறிப்பேடு. “இன்று நன்றாக இருந்தது” என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எந்த நொடியில் காட்சி திரும்பியது, யார் தந்தது, நான் எதைத் தவறவிட்டேன் என்று எழுத வேண்டும். கை எழுத எழுதத்தான் கண் கூர்மையாகும். என் நான்கு குறிப்பேடுகளும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைப் பலர் நேராகக் கேட்பதில்லை. சுற்றி வளைத்துக் கேட்பார்கள். எனக்கும் இது நடந்தது. படிக்கும் காலத்தில் வெளியே ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போனேன். காட்சி நடுவில் நான் “இந்தா வாரேங்க” என்றதும் நடத்தியவர் கையைத் தட்டி நிறுத்தி, “மேடையில் நல்ல தமிழ் பேசுங்கள்” என்றார். சிலர் சிரித்தார்கள். மீதி இரண்டு நாளும் நான் வாய் திறக்கவே இல்லை. அவர் செய்தது தவறு. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை, வெட்கம்தான் தெரிந்தது.

பிறகு நடந்ததையும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியும் நானும் மச்சாள்மாராக ஒரு காட்சி செய்தோம். வேலையிலிருந்து வந்தவளாக நான், “இன்னைக்கு அரப் பேருதான் போட்டாங்க” என்றேன். அரைநாள் சம்பளம் என்று நம் பிள்ளைகளுக்கு விளங்கும். அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அவள் கையை விடவில்லை. “ஆற்றை பேர்? பாதிப் பேரை எழுதினவங்களோ?” என்று பாத்திரமாகவே கேட்டாள். தன் பெயரைப் பாதியாக எழுதிவிட்டார்கள் என்று ஒருத்தி எண்ண, சம்பளம் பாதியாகிவிட்டது என்று மற்றவள் சொல்ல, அந்தக் காட்சி இருபது நிமிடம் ஓடியது. முடிவில் இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

எழுதிய வசனத்தில் நாம் எழுத்தாளரின் மொழிக்குள் போக வேண்டும். உடனடி நடிப்பில் உங்கள் வாய்க்கு எது முதலில் வருகிறதோ அதுதான் முதல். 1823இல் தொடங்கி இருநூறு வருடம் இந்த மலைகளில் புழங்கிய பேச்சு அது. கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), பிள்ளைமடுவம் (பிள்ளைக் காப்பகம்), பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கும் இடம்) என்று தோட்டத்து வாழ்க்கையில் ஊறிய சொற்கள் அதில் இருக்கின்றன. அவற்றை உள்ளே கொண்டு போங்கள்.

மகளை அனுப்ப யோசனையாக இருக்கிறது. இரவு ஒத்திகை, ஆண் பிள்ளைகளோடு தொட்டு நடிப்பது...

யோசியுங்கள், கேளுங்கள். நல்ல துறையில் தொடுகைக்கு விதி இருக்கும். காட்சிக்கு முன்பே எங்கே தொடலாம், எது வேண்டாம் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். வேண்டாம் என்றவரிடம் காரணம் கேட்கக் கூடாது. எதிரே இருப்பவர் தருவதை ஏற்க வேண்டும் என்ற பாடம் கதைக்குத்தான், உடம்புக்கு இல்லை. இதை மகளிடம் நீங்களே சொல்லி அனுப்புங்கள். ஒத்திகை முடிந்து விடுதிக்கு எப்படிப் போவார்கள் என்று சிரேஷ்ட மாணவிகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். காமன் கூத்தில் ரதிக்கே ஆண்தான் வேடம் கட்டுகிற தோட்டத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை அரங்கு படிக்கப் போவது சின்ன விஷயம் இல்லை. அவளுக்கு வீட்டின் துணை வேண்டும்.

காட்சிக்குள் நம் சொந்தத் துயரம் வந்துவிட்டால்?

வரும். ஒரு முறை ‘வீடு’ என்று மட்டும் தலைப்புக் கொடுத்தபோது ஒரு பிள்ளை சுவர் வெடிக்கும் சத்தத்தைச் செய்யத் தொடங்கினாள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் புதைந்த பிறகு, மழை பலமாகப் பெய்தால் தூங்காத பிள்ளைகள் இந்த மலைகளில் எத்தனையோ பேர். அவளும் அப்படி ஒருத்தி. விரிவுரையாளர் காட்சியை நிறுத்தினார். கைதட்டவும் இல்லை, ‘அருமையான உணர்ச்சி’ என்று சொல்லவும் இல்லை. எல்லோரையும் எழுந்து நடக்கச் சொன்னார். அறையில் இருக்கும் நீல நிறப் பொருட்களை எண்ணச் சொன்னார். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் ஆசிரியராக இன்றும் அதையே செய்கிறேன்.

வியன்னாவில் 1920களில் உடனடி அரங்கு நடத்திய ஜேக்கப் மொரேனோ என்ற மருத்துவர் அதிலிருந்துதான் உளநாடகம் என்ற சிகிச்சை முறையை வளர்த்தார். அது தனித் தொழில், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நடிப்பு வகுப்பு சிகிச்சைக் கூடம் ஆகிவிடக் கூடாது. சொந்தக் காயத்தைக் காட்டினால்தான் நல்ல நடிகர் என்று யாராவது உங்களை நெருக்கினால் மறுத்துவிடுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றி, கொஞ்சம் தள்ளி நின்று நடிக்கலாம். அப்போதும் அது உண்மையாகவே இருக்கும்.

படித்து முடித்தால் வேலை?

மறைக்காமல் சொல்கிறேன்: பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்க நேரும். பாடசாலைகளில் அழகியற் பாடங்களில் ஒன்றாக நாடகமும் அரங்கியலும் இருக்கிறது, மலையகத்தில் அதற்கு ஆசிரியர் போதாது, ஆனாலும் நியமனம் நினைத்த நேரத்தில் வருவதில்லை. எனக்கும் காத்திருப்பு இருந்தது. அந்தக் காலத்தில் சிறுவர் அமைப்புகளுக்குப் பட்டறை நடத்தினேன், வானொலி நாடகத்துக்குக் குரல் கொடுத்தேன். சிங்களமும் தமிழும் பேசும் கலைஞர்கள் ஒன்றாக ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நாடகம் நடத்தும் மக்கள் களரி போன்ற குழுக்களும் நாட்டில் இருக்கின்றன. இரண்டு மொழியும் சரளமாக வரும் மலையகப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பலம் இருக்கிறது.

இப்போதே வீட்டில் என்ன பழகலாம்? லயத்தில் இடமில்லை, தனியாகவும் இருக்க முடியாது.

தனியாக இருக்கத் தேவையில்லை, அந்த நெருக்கடியையே பயன்படுத்துங்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது ஒருவர் குடத்தைத் தூக்குவதைப் பாருங்கள். எந்தக் கால் முன்னால், மூச்சு எப்போது இழுக்கிறார், பாரம் இடுப்பில் எந்தப் பக்கம். இரவில் குடமே இல்லாமல் அதைச் செய்து பாருங்கள். தங்கச்சி பார்த்து, “குடத்துல தண்ணியே இல்ல” என்று சொன்னால் மறுநாள் திரும்பப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, தோழியோடு செய்வது. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மற்றவர் அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் தொடங்கி அடுத்ததைச் சொல்ல வேண்டும். கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும் என்பதால் முன்கூட்டி யோசிக்க முடியாது. பாடசாலை விட்டு ரோட்டுக்கு இறங்கும் அந்த இரண்டு கிலோமீட்டர் படிக்கட்டுப் பாதை இதற்குப் போதும். அட்டைக்கடி பற்றித் தொடங்கினால் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். முடிந்த இடத்தை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.